டோர் ரிலே போட்டாயிற்று, இனி அதைப் புதுப்பித்து வைப்பது எப்படி?

டோர் என்பது தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் இணையத்தில் உலவ உதவும் வலைப்பின்னல், அதன் போக்குவரத்தைக் கைமாற்றிவிடும் சர்வர்தான் ரிலே. அப்படி ஒரு ரிலே போடுவது ஒரு சாயங்கால வேலை. சர்வரை வாடகைக்கு எடுத்து, டோர் மென்பொருளை நிறுவி, நான்கைந்து வரி அமைப்பு எழுதினால் முடிந்தது. அப்புறம் அது பாட்டுக்கு ஓடும். வம்பே அது பாட்டுக்கு ஓடுவதில்தான் இருக்கிறது. வருஷம் கழித்து எட்டிப்பார்த்தால் பழைய டோர், பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் (டோர் நம்பியிருக்கும் மறையாக்க லைப்ரரி), ரீபூட்டுக்குக் காத்திருக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) என்று கிடக்கும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளும் வழியை, புதிதாக ரிலே ஓட்ட வந்திருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை வைத்துச் சொல்கிறேன், உபுண்டுவுக்கும் ஏறக்குறைய இதேதான். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ரிலேயின் ஓட்டை யாருடைய தலையில் விடியும்?

டோர் பயன்படுத்துகிறவரின் இணையப் போக்குவரத்து மூன்று ரிலேக்கள் வழியாகப் போகிறது. முதலாவதான கார்டு ரிலேவுக்கு ஆள் எங்கிருந்து வருகிறார் என்று தெரியும், எங்கே போகிறார் என்று தெரியாது. கடைசியான எக்ஸிட் ரிலேவுக்குப் போகுமிடம் தெரியும், ஆள் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. இந்த ஆயிரக்கணக்கான ரிலேக்களை ஓட்டுகிறவர்கள் உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்களும் சிறு அமைப்புகளும்தான். டோர் திட்டம் மென்பொருளை எழுதித் தருகிறது, ரிலேக்கள் அதன் சொத்து அல்ல. எந்தெந்த ரிலே பட்டியலில் இருக்கலாம் என்பதை டைரக்டரி அத்தாரிட்டி எனப்படும் 9 சர்வர்கள் வாக்களித்து முடிவுசெய்து, மணிக்கு ஒருமுறை கன்சென்ஸஸ் என்ற பட்டியலாக வெளியிடுகின்றன.

நம் லேப்டாப்பை அப்டேட் செய்யாமல் விட்டால் நஷ்டம் நமக்கு. ரிலேயை அப்படி விட்டால், முகம் தெரியாத யாரோ ஒரு பத்திரிகையாளரோ, புகார் கொடுக்கப் பயந்து மறைந்து எழுதும் ஊழியரோ மாட்டிக்கொள்வார். போதாததற்கு, ஒவ்வொரு ரிலேயும் தான் ஓட்டும் டோர் பதிப்பையும் இயங்குதளத்தையும் தன் விவரக்குறிப்பிலேயே வெளியிடுகிறது. டோர் திட்டத்தின் ரிலே சர்ச் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். ஓட்டை உள்ள பதிப்போடு ரிலே ஓட்டுவது, பூட்டாத வீட்டின் முகவரியை நாமே சுவரொட்டி அடித்து ஒட்டுகிற கதைதான்.

2014-இல் நடந்த இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால், கீழே சொல்லப்போகும் படிகளின் காரணம் புரிந்துவிடும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி ஹார்ட்பிளீட் வெளியே வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் இருந்த பிழை அது. எதிர்முனையில் இருப்பவர் கேட்கக் கேட்க, சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். அந்த அள்ளலில் ரகசியச் சாவிகளும் வந்து விழலாம். டோரின் நிரலில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் டோர் ஓப்பன்எஸ்எஸ்எல்லைத்தான் நம்பி நின்றது. ஆகவே ரிலே ஓட்டுகிறவர்கள் மூன்று காரியம் செய்ய வேண்டியிருந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் புதுப்பிப்பது ஒன்று. டோரை ரீஸ்டார்ட் செய்வது இரண்டாவது, ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் டோர் பழைய லைப்ரரியைத்தான் நினைவகத்தில் வைத்திருக்கும், டிஸ்க்கில் புதியது வந்தது அதற்குத் தெரியாது. மூன்றாவதுதான் மனசு வராத வேலை: பழைய அடையாளச் சாவிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. மாதக்கணக்கில் சேர்த்த நற்பெயர் எல்லாம் அதோடு போய்விடும். அப்படியும் ஓட்டையை அடைக்காமல் ஓடிக்கொண்டிருந்த ரிலேக்களை டைரக்டரி அத்தாரிட்டிகள் நூற்றுக்கணக்கில் பட்டியலிலிருந்து தள்ளி வைத்தன.

அடுத்தது ஜூலையில் வெளிவந்தது. ஜனவரி 30 முதல் ஜூலை 4 வரை யாரோ 115 ரிலேக்களை வலைப்பின்னலுக்குள் நுழைத்து, ரிலே-எர்லி என்ற வகைக் கட்டளைகளில் குறிப்புகளை ஒளித்து, மறைசேவைகளை (டோருக்குள் மட்டுமே எட்டக்கூடிய தளங்களை) பயன்படுத்துகிறவர்களை அடையாளம் காண முயன்றிருந்தார்கள். இம்முறை ஓட்டை டோரின் நெறிமுறையிலேயே இருந்தது. 0.2.4.23 பதிப்பில் அதற்கு மருந்து வந்தது. ஆனால் மருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் ரிலேக்கள் அந்தப் பதிப்புக்கு மாற வேண்டும், அதை யாரும் நமக்காகச் செய்ய முடியாது.

ஆக, டோரை மட்டும் கவனித்தாலும் போதாது, டோரைத் தவிர மற்றதை மட்டும் கவனித்தாலும் போதாது.

படி 1: இடமும் வகையும்

புதியவர்கள் எக்ஸிட் ரிலேயில் ஆரம்பிக்க வேண்டாம். போலீஸ் கடிதம், பதிப்புரிமைப் புகார் எல்லாம் எக்ஸிட்டின் முகவரிக்குத்தான் வரும். வீட்டு இணைப்பில் எக்ஸிட் ஓட்டுவது எந்த நாட்டிலும் நல்ல யோசனை அல்ல. நடு ரிலேயாக ஆரம்பியுங்கள், நாளாவட்டத்தில் அது தானாகவே கார்டு ஆகும்.

வேகம் இரு திசையிலும் நொடிக்கு 16 மெகாபிட்டாவது இருக்கட்டும் என்பது டோர் திட்டத்தின் பரிந்துரை. மாதத்துக்குக் குறைந்தது 100 ஜிபி வெளிப்போக்குவரத்து வேண்டும். ஆனால் நொடிக்கு 16 மெகாபிட்டை முழுதாக ஓட்டினால் ஒரு திசையில் மட்டுமே மாதம் 5 டெராபைட் வந்துவிடும். சர்வர் திட்டத்தில் எவ்வளவு அனுமதி என்று பார்த்துவிட்டு வேக வரம்பை வையுங்கள். ஹெட்ஸ்னர், ஓவிஎச் போன்ற பெரிய நிறுவனங்களில் ஏற்கெனவே ரிலேக்கள் குவிந்து கிடக்கின்றன, வேறு இடம் கிடைத்தால் வலைப்பின்னலுக்கு நல்லது. வீட்டு பிராட்பேண்டில் தனி பொது ஐபி இல்லாமல் பலருக்கு ஒரே ஐபியைப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தால் ரிலே ஓடவே ஓடாது. அப்படிப்பட்டவர்கள் உலாவியில் ஸ்னோஃப்ளேக் நீட்சியைப் போட்டுக்கொள்ளலாம். அதுவும் உதவிதான், அதைப் புதுப்பிக்கும் கவலையையும் உலாவியே பார்த்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன்: அந்த சர்வரில் ரிலே மட்டும் ஓடட்டும். கூடவே ஒரு வேர்ட்பிரஸ், நண்பருக்கு ஒரு கேம் சர்வர் என்று ஏற்றினால், அவற்றின் ஓட்டைகளும் ரிலேயின் ஓட்டைகள் ஆகிவிடும்.

படி 2: டோரை எங்கிருந்து எடுப்பது

டெபியனின் சொந்த ரெப்போவிலும் (மென்பொருள் களஞ்சியம்) டோர் இருக்கிறது. ஆனால் புதிய பதிப்புகள் சுடச்சுடக் கிடைக்க டோர் திட்டத்தின் ரெப்போவைச் சேர்த்துக்கொள்வதுதான் வழி. உபுண்டுவின் யூனிவர்ஸ் பகுதியில் இருக்கும் டோர் பேக்கேஜை எடுக்க வேண்டாம் என்று டோர் திட்டமே சொல்கிறது, முன்பு அது ஒழுங்காகப் புதுப்பிக்கப்படாமல் இருந்திருக்கிறது. ராஸ்பெர்ரி பையில் 32 பிட் இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு டோர் திட்டத்தின் ரெப்போ கைகொடுக்காது, 64 பிட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ரெப்போவைச் சேர்க்கும்போது பலரும் விட்டுவிடும் ஒரு பேக்கேஜ் உண்டு: டெப்.டோர்ப்ராஜெக்ட்.ஆர்க்-கீரிங். ரெப்போவின் கையொப்பச் சாவிக்குக் காலாவதித் தேதி இருக்கிறது, சாவி புதுப்பிக்கப்படும்போது புதியதைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்தப் பேக்கேஜ்தான். இது இல்லாமல் கையால் சாவியை மட்டும் போட்டிருந்தால், ஒருநாள் சாவி காலாவதியாகும். டெபியனில் மென்பொருளை இறக்கி நிறுவும் ஆப்ட் கருவி 'எக்ஸ்ப்கீசிக்' என்று முனகும், அதற்குப் பின் டோருக்கு ஒரு அப்டேட்டும் வராது. ரிலே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

டெபியனில் ஸ்டேபிள் பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 29-இல் எக்ஸ்இஸட் என்ற சுருக்கு மென்பொருளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்தது அம்பலமானபோது, மாட்டியது டெஸ்டிங், அன்ஸ்டேபிள் கிளைகள்தான். ஸ்டேபிளில் அந்தப் பதிப்பு நுழைந்திருக்கவே இல்லை.

படி 3: டோர்ஆர்சி

ஈடிசி/டோர் அடைவில் இருக்கும் டோர்ஆர்சி என்ற அமைப்பு ஃபைலில் நிக்நேம் (ரிலேயின் பெயர்), ஓஆர்போர்ட் (மற்றவர்கள் ரிலேயோடு இணையும் போர்ட்), எக்ஸிட்ரிலே 0 (எக்ஸிட்டாக ஓடாது), சாக்ஸ்போர்ட் 0 (நம் சொந்த உலாவலுக்கு அல்ல), கான்டாக்ட்இன்ஃபோ (தொடர்பு முகவரி). ஆரம்பத்துக்கு இவை போதும். கான்டாக்ட்இன்ஃபோவில் நீங்கள் உண்மையிலேயே படிக்கும் மின்னஞ்சல் ஒன்றைக் கொடுங்கள். இதற்கென்றே தனி முகவரி திறந்துகொள்ளலாம், எப்படியும் அது பொதுவெளியில் தெரியும், ஸ்பேம் வரும். உங்கள் பதிப்பு காலாவதி ஆகும்போது டோர் திட்டத்தார் எழுதுவது இந்த முகவரிக்குத்தான். காலியாக விட்டவரின் ரிலே ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பட்டியலிலிருந்து காணாமல் போகும். இரண்டுக்கு மேற்பட்ட ரிலே வைத்திருந்தாலும், இரண்டே வைத்திருந்தாலும், அவை ஒரே ஆளுடையவை என்று மைஃபேமிலி வரியில் அறிவித்துவிடுங்கள்.

டோரைத் துவக்கிவிட்டு லாகைப் பாருங்கள். ஓஆர்போர்ட்டை வெளியிலிருந்து எட்ட முடிகிறது என்று சொல்லி, கூடவே 'எக்ஸலன்ட்' என்று தானே தட்டிக்கொடுத்துக்கொள்ளும் ஒரு வரி வரும். அது வந்தால் ரிலே வேலை செய்கிறது.

படி 4: தானியங்கி அப்டேட்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 'வாரம் ஒருமுறை நானே நுழைந்து ஆப்ட் அப்கிரேடு போட்டுக்கொள்கிறேன்' என்பவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் மாதம் செய்வார்கள். அப்புறம் தீபாவளி வரும், பரீட்சை வரும், வேலை மாறும்.

அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பேக்கேஜை நிறுவுங்கள். அதை நிறுவியதுமே எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வந்தபடியே விட்டால் அது டெபியனின் சொந்த ரெப்போக்களிலிருந்து வருவதை மட்டுமே ஏற்றும். டோர் திட்டத்தின் ரெப்போவை அதற்குத் தெரியாது. கெர்னல், ஓப்பன்எஸ்எஸ்எல் எல்லாம் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வரும், டோர் மட்டும் நிறுவிய நாளிலேயே உறைந்து நிற்கும்.

ஈடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி அடைவில் 50 என்று தொடங்கும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் ஃபைலைத் திறங்கள். ஆரிஜின்ஸ்-பேட்டர்ன் என்ற அடைப்புக்குள் டெபியன்-செக்யூரிட்டி வரி இருக்கும். அதன் கீழே, மேற்கோள் குறிக்குள், 'ஆரிஜின்=டோர்ப்ராஜெக்ட்' என்று ஒரு வரி சேர்த்து, கடைசியில் அரைப்புள்ளி போடுங்கள். அரைப்புள்ளியை விட்டுவிடாதீர்கள். அதே அடைவில் 20 என்று தொடங்கும் ஆட்டோ-அப்கிரேட்ஸ் ஃபைலில் பட்டியலைப் புதுப்பிப்பதற்கும் அப்கிரேடு செய்வதற்கும் உள்ள மதிப்புகள் 1 என்று இருக்கின்றனவா பாருங்கள். 1 என்றால் தினமும்.

இன்னொரு பொறி இருக்கிறது. டோர்ஆர்சியை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். புதிய பேக்கேஜும் மாறிய டோர்ஆர்சியோடு வந்தால், எதை வைத்துக்கொள்வது என்று டெபியன் உங்களைக் கேட்க விரும்பும். கேட்க ஆள் இல்லாததால் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் அந்தப் பேக்கேஜைத் தொடாமல் விட்டுவிட்டு, 'கான்ஃப்ஃபைல் ப்ராம்ப்ட்' இருக்கிறது, கையால் செய்துகொள்ளுங்கள் என்று லாகில் எழுதிவைத்துப் போய்விடும். இதைத் தவிர்க்க டிபிகேஜி என்ற பேக்கேஜ் நிறுவியின் ஆப்ஷன்களில் ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப், ஃபோர்ஸ்-கான்ஃபோல்ட் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். பழைய ஃபைலையே வைத்துக்கொண்டு மேலே போய்விடும்.

எழுதி முடித்ததும் சோதியுங்கள்: சூடோ அன்அட்டெண்டட்-அப்கிரேடு, பக்கத்தில் ட்ரை-ரன், டீபக் என்ற இரண்டு விருப்பங்கள். எதையும் ஏற்றாமல், என்ன செய்திருக்கும் என்று மட்டும் சொல்லும். 'அலவ்ட் ஆரிஜின்ஸ்' என்ற வரியில் டோர்ப்ராஜெக்ட் பெயர் இருந்தால் சரி. இல்லையென்றால் அரைப்புள்ளியையும் எழுத்துப்பிழையையும் பாருங்கள், முக்கால்வாசி அதுதான்.

படி 5: ரீஸ்டார்ட், ரீபூட்

டோர் பேக்கேஜ் புதுப்பிக்கப்படும்போது டோரும் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். லைப்ரரி மட்டும் மாறினால் ஆகாது, அதற்கு நீட்ரீஸ்டார்ட் என்ற பேக்கேஜ் வேண்டும். எந்தெந்தச் செயல்கள் பழைய லைப்ரரியைக் கட்டிக்கொண்டு இருக்கின்றன என்று கண்டுபிடித்து அது எழுப்பிவிடும். கெர்னல் மாறினால் ரீபூட்டைத் தவிர வழியில்லை. மேலே சொன்ன 50-ஆம் ஃபைலிலேயே ஆட்டோமேட்டிக்-ரீபூட் வரியை ட்ரூ ஆக்கி, நேரமும் கொடுத்துவிடுங்கள். ஒன்றுக்கு மேல் ரிலே இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் வைக்காதீர்கள்.

ரீபூட் செய்தால் ஸ்டேபிள், கார்டு என்ற கொடிகள் (டைரக்டரி அத்தாரிட்டிகள் ரிலேவுக்குத் தரும் முத்திரைகள்) போய்விடுமே என்று பழைய ஆட்கள்கூடத் தயங்குவார்கள். 200 நாள் நிற்காமல் ஓடியது என்று திரைப்பிடிப்பு போட்டுப் பெருமைப்படுகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், 200 நாள் ரீபூட் ஆகாத சர்வர் என்றால் 200 நாள் பழைய கெர்னல் என்று அர்த்தம். அந்தக் கொடிகள் நீண்ட காலச் சராசரியை வைத்துத் தரப்படுகின்றன, இரண்டு நிமிடம் நின்று எழுந்தால் ஒன்றும் ஆகாது. அந்த நேரத்தில் உங்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்த இணைப்புகள் அறுபடும், டோர் பிரவுசர் வேறு பாதையைக் கட்டிக்கொள்ளும்.

படி 6: வாசற்கதவு

தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய நாம் பயன்படுத்துவது எஸ்எஸ்எச். 2024 ஜூலை 1-இல் அதற்கான ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் ரெக்ரெஸ்எஸ்எச்சன் என்ற ஓட்டை வெளிவந்தது. கடவுச்சொல் இல்லாமலே ரூட் அதிகாரத்தோடு உள்ளே வர வழிசெய்யக்கூடிய வகை, டெபியன் 12-ஐயும் பாதித்தது. தானியங்கி அப்டேட் வைத்திருந்தவர்களுக்குத் தூக்கம் கெடவில்லை. எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டு சாவி நுழைவு மட்டும் வையுங்கள். ஃபயர்வாலில் எஸ்எஸ்எச், ஓஆர்போர்ட் இரண்டைத் தவிர உள்ளே வரும் வழிகளை மூடுங்கள். கடிகாரம் சரியாக இருக்கட்டும், நேரம் தப்பினால் டோர் முரண்டு பிடிக்கும். லாக் அளவை 'நோட்டீஸ்' என்பதிலேயே விடுங்கள். ஆர்வத்தில் டீபக் அளவுக்கு ஏற்றி மாதக்கணக்கில் சேமித்து வைப்பது, யாராவது கேட்டால் கொடுக்க வேண்டிய தகவலை நாமே உருவாக்கி வைப்பதாகும்.

படி 7: சாவிகள்

ரிலேயின் அடையாளம் வார்/லிப்/டோர்/கீஸ் அடைவில் இருக்கிறது. அதை நகலெடுத்து, மறையாக்கம் செய்து, சர்வருக்கு வெளியே வையுங்கள். சர்வர் செத்துப்போனால் வேறொன்றில் அதே சாவிகளோடு எழுப்பலாம், பழைய பெயரும் கொடிகளும் தொடரும்.

ஆனால் சர்வருக்குள் யாரோ நுழைந்தார்கள் என்று சந்தேகம் வந்தால் இந்த நகலைத் தொடாதீர்கள். சர்வரை அழித்து, புதிய சாவிகளோடு புது ரிலேயாக ஆரம்பியுங்கள், டோர் திட்டத்தாருக்கும் பழைய ரிலேயின் கைரேகை எண்ணை (அதன் அடையாள எண்) தெரிவியுங்கள். மூலச் சாவியை வெளியே வைக்கும் ஆஃப்லைன் மாஸ்டர் கீ என்ற வசதியும் உண்டு. ஆனால் 30 நாளுக்கு ஒருமுறை காலாவதியாகும் இடைச்சாவியைக் கையால் புதுப்பிக்க வேண்டிவரும், மறந்தால் ரிலே நின்றுவிடும். முதல் வருஷம் அது வேண்டாம்.

படி 8: மாதம் ஒருமுறை ஒரு பார்வை

தானியங்கி வைத்தாலும் அது நடக்கிறதா என்று பார்க்க ஒரு கண் வேண்டும். ரிலே சர்ச்சில் உங்கள் ரிலேயின் பெயரைத் தேடுங்கள். பதிப்பு எண்ணும், அது பரிந்துரைக்கப்பட்ட பதிப்புதானா என்பதும் தெரியும். அப்டேட் ஆன உடனே பார்த்துப் பதற வேண்டாம், புது விவரம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். சர்வருக்குள்ளேயே பார்க்க நிக்ஸ் என்ற கருவி இருக்கிறது, அதன் தலைப்பு வரியிலேயே பதிப்பின் நிலையைக் காட்டும். டோர் வெதர் சேவையில் பதிந்துகொண்டால் ரிலே நின்றுபோகும்போது மின்னஞ்சல் வரும். அப்படியே வார்/லாக் அடைவில் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் லாகையும் ஒரு புரட்டு புரட்டுங்கள்.

பரிந்துரைக்கப்படாத பதிப்பு என்று வந்தால் அது முதல் எச்சரிக்கை. அந்தப் பதிப்பு வரிசையே காலாவதியானால், அதை ஓட்டும் ரிலேக்களை டைரக்டரி அத்தாரிட்டிகள் ஒதுக்கத் தொடங்கிவிடும். நீண்ட கால ஆதரவு பெற்றிருந்த 0.3.5 வரிசைக்கு 2022 பிப்ரவரி 1-உடன் ஆயுள் முடிந்தது. ஆதரவு நீண்டது என்பதற்காகவே அதில் தங்கியிருந்தவர்களும் மாற வேண்டிவந்தது.

பெரும்பாலும் ஒரு ரிலே பழைய பதிப்பில் சிக்கிக்கொள்வது டோரால் அல்ல, டெபியனால். டெபியன் ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புது வெளியீடு தருகிறது: 12 வந்தது 2023 ஜூனில், 13 வந்தது 2025 ஆகஸ்டில். ஒரு வெளியீட்டுக்கு முழு ஆதரவு மூன்று வருஷம், அதன்பின் இரண்டு வருஷம் நீட்டிப்பு. பழைய வெளியீட்டை டோர் ரெப்போ கைவிட்ட பிறகு தானியங்கி அப்டேட் தினமும் ஓடும், ஏற்ற ஒன்றும் இருக்காது. பெரிய வெளியீட்டு மாற்றத்தைத் தானியங்கி செய்யாது, அதை நாட்காட்டியில் குறித்துவைத்து நீங்களே செய்ய வேண்டும். கையில் சாவி நகல் இருந்தால் புது சர்வரில் புது டெபியன் போட்டுச் சாவிகளை ஏற்றுவது, பழையதை இழுத்துப்பிடித்து மேம்படுத்துவதைவிடச் சுலபம். பழைய சர்வரில் டோரை நிறுத்திய பிறகே புதியதில் துவக்குங்கள். ஒரே சாவியோடு இரண்டு ரிலே ஒரே நேரத்தில் ஓடக் கூடாது.

டோரை ரஸ்ட் மொழியில் ஆர்ட்டி என்ற பெயரில் திரும்ப எழுதிவருகிறார்கள், 2022 செப்டம்பரில் அதன் 1.0.0 வந்தது. 2016-க்குப் பிறகு டோரில் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளில் குறைந்தது பாதி ரஸ்டில் வந்திருக்கவே முடியாதவை என்று அவர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள். நல்லது வரட்டும். அதுவரை ரிலேக்களில் பரவலாக ஓடுவது சி மொழியில் எழுதிய டோர்தான்.

ஒருவேளை வேலைப்பளு கூடி, மாதத்துக்கு அரைமணி நேரம்கூட ஒதுக்க முடியாமல் போனால் ரிலேயை நிறுத்திவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் போட்டு டோரை நிறுத்தி, டிசேபிள் போட்டு அது மறுபடி தானாகத் துவங்காமல் செய்யுங்கள், மைஃபேமிலியில் வேறு ரிலேக்கள் இருந்தால் அவற்றிலிருந்து இதன் கைரேகை எண்ணை எடுத்துவிடுங்கள், சர்வரைத் திருப்பிக் கொடுக்கும் முன் கீஸ் அடைவை அழித்துவிடுங்கள்.